முதலில் நுழைந்தவர்

பள்ளிப் படிப்பை முடித்த வாலிபன் ஒருவன் எந்தக் கலாசாலையில் சேர்வது என்று யோசிப்பது அவனையும் அவன் குடும்பத்தாரையும் பொறுத்த விஷயம். அதைப் பற்றித் தேசத் தொண்டர்கள் கவலைப்படுவானேன், பத்திரிகைகள் எழுதுவானேன் என்று நமது வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். ஆனால் ஒரு சமூகத்தின் நீதியும் அநீதியும் சட்டசபைகளிலும் நியாயஸ்தலங்களிலும் மட்டும் பரீட்சிக்கப்படுவதில்லை. சில வேளைகளில் அவை ஓர் எளிய குடும்பத்தின் கூடத்திலே வந்து நின்று விடை கேட்கின்றன. 1966-ஆம் வருஷத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியைச் சேர்ந்த டென்னஸி ராஜ்யத்தின் தலைநகராகிய நாஷ்வில்லில், பெரி வாலஸ் என்னும் பதினெட்டு வயது வாலிபர் செய்த தேர்வு அத்தகையது. கூடைப்பந்தாட்டத்தில் தமக்கிருந்த திறமையை எந்தக் கலாசாலைக்கு அளிப்பது என்பதே அவர் முன் நின்ற கேள்வி. அதற்கு அவர் அளித்த பதிலையும், அதற்காக அவர் கொடுத்த விலையையும், பொது வாழ்வில் ஈடுபட்டோர் ஒவ்வொருவரும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டுமென்று நாம் கருதுகிறோம்.

அமெரிக்காவின் வழக்கம்

அந்நாட்டின் வழக்கம் ஒன்றை முதலில் விளக்குவது அவசியம். அங்கே சர்வகலாசாலைகளின் ஆட்டங்கள் மாணவர்களின் பொழுதுபோக்கோடு நிற்பவை அல்ல. ஆயிரக்கணக்கான ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு அவற்றைக் காணக் கூடுகிறார்கள். வெற்றியினால் சர்வகலாசாலைக்குப் பெயரும் பொருளும் சேருகின்றன. ஆகவே உயர்தரப் பள்ளியில் நன்றாக ஆடும் மாணவனை நாடி, சர்வகலாசாலைகளின் பயிற்சி ஆசிரியர்கள் அவன் வீட்டு வாசலுக்கே வருவார்கள். படிப்புச் செலவு, இருப்பிடம், உணவு ஆகிய அனைத்தும் அடங்கிய உபகாரச் சம்பளம் தருவதாகச் சொல்லுவார்கள். மறைவாக வேறு ஆசைகள் காட்டுவதும் அக்காலத்தில் உண்டு. 2021-ஆம் வருஷம் முதல் ஆட்டக்கார மாணவர்கள் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு பகிரங்கமாகவே பணம் ஈட்ட அனுமதி கிடைத்திருக்கிறது. வாலஸின் காலத்திலோ உபகாரச் சம்பளம் ஒன்றே நேர்மையான ஊதியம்.

பெரி வாலஸ் அறுவர் குழந்தைகளில் கடைக்குட்டி. தந்தையார் செங்கல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். தாயார் காரியாலயங்களைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சென்றவர். அங்கே கழித்துப் போடும் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் வீட்டுக்கு எடுத்து வந்து குழந்தைகளைப் படிக்கச் செய்தவர். கறுப்பு மக்களின் குழந்தைகளுக்கென்றே ஏற்பட்ட பேர்ல் உயர்தரப் பள்ளியில் வாலஸ் படித்தார். ஆறடி ஐந்தங்குல உயரம். எம்பிக் குதித்துக் கூடையின் வளையத்துக்கு மேலிருந்தே பந்தை உள்ளே திணிக்கும் வலிமை. இவற்றோடு வகுப்பில் முதல் மாணவராகவும் அவர் தேறினார். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவருக்கிருந்த பற்று ஆட்டத்தில் இருந்த பற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று. இஞ்சினீயர் ஆகவேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

டென்னஸியில் வெள்ளையர் பள்ளிகளும் கறுப்பர் பள்ளிகளும் ஒன்றாகக் கலந்து ஆடிய முதல் ராஜ்யப் போட்டி 1966-ஆம் வருஷத்தில்தான் நடந்தது. கார்னீலியஸ் ரிட்லி என்ற ஆசிரியரின் பயிற்சியில் பேர்ல் பள்ளி அவ்வருஷம் ஆடிய 31 ஆட்டங்களிலும் வென்று வாகை சூடியது. இறுதி ஆட்டம் நடந்த மார்ச் 19-ந் தேதியன்றே, தேசத்தின் சர்வகலாசாலைப் போட்டியிலும் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. ஆட்டத்தைத் தொடங்கிய ஐவரும் கறுப்பர்களாகவே இருந்த டெக்ஸஸ் வெஸ்டர்ன் கோஷ்டி, வெள்ளையர் மட்டுமே கொண்ட கென்டக்கி கோஷ்டியை முறியடித்தது. கறுப்பர்களின்றி இனி வெற்றியில்லை என்பதைத் தெற்கே உள்ளவர்களும் அன்று உணர்ந்திருப்பார்கள். வாலஸைத் தேடி வந்தவர்களுக்குக் குறைவே இல்லை.

நாஷ்வில்லும் நாகபுரியும்

நாஷ்வில் நகரத்தின் சரித்திரத்தில் நம் தேசத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கொரிய யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர மறுத்துச் சிறை சென்ற ஜேம்ஸ் லாஸன் என்ற கறுப்பு வாலிபர், விடுதலையான பின்னர் 1953-ல் நாகபுரிக்கு வந்து ஹிஸ்லாப் கலாசாலையில் பணியாற்றினார். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையை அவர் இங்கே ஊன்றிக் கற்றார். தாய்நாடு திரும்பிய பின்னர், பாதிரியார் படிப்புக்காக நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் சேர்ந்தார். மாலை வேளைகளில் கறுப்பு மாணவர்களைக் கூட்டிவைத்து, அடித்தாலும் திருப்பி அடிக்காமல், வைதாலும் திருப்பி வையாமல், இடத்தைவிட்டு நகராமல் இருப்பது எப்படி என்று பழக்கினார். 1960-ஆம் வருஷம் பிப்ரவரியில் அந்த மாணவர்கள் நகரத்தின் பெரிய கடைகளில் வெள்ளையருக்கு மட்டுமே உணவு பரிமாறிய பகுதிகளில் சென்று அமர்ந்தார்கள். உதையுண்டார்கள், சிறைப்பட்டார்கள். மே மாதத்தில் அக்கடைகள் எல்லோருக்கும் உணவு பரிமாற இணங்கின.

இந்தப் போராட்டத்துக்காக வாண்டர்பில்ட் சர்வகலாசாலை அந்த லாஸனை என்ன செய்தது? அதே வருஷம் மார்ச் மாதத்தில் அவரைக் கலாசாலையிலிருந்து வெளியேற்றியது! அதைக் கண்டித்து ஆசிரியர்கள் பலர் ராஜிநாமாக் கடிதம் கொடுக்கும் நிலைமை உண்டாயிற்று. வாலஸுக்கு அப்பொழுது பன்னிரண்டு வயது. கடைத்தெருவில் நடந்த அந்தப் போராட்டத்தைத் தூர நின்று கண்ணால் பார்த்த சிறுவர்களில் அவரும் ஒருவர். ஆறு வருஷங்களுக்குப் பின் அதே வாண்டர்பில்ட் அவரை வருந்தி அழைத்ததென்றால், அவ்வழைப்பை அவர் எவ்வளவு சந்தேகத்தோடு பார்த்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமோ?

மூன்று வழிகள்

வாலஸின் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, வடக்கிலும் மத்திய மேற்கிலும் உள்ள பெரிய சர்வகலாசாலைகள். தெற்கின் நிறத்துவேஷத்திலிருந்து தப்பி அங்கே சென்றுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் எண்ணம். ஆனால் நேரில் சென்று பார்த்தபோது, கறுப்பு ஆட்டக்காரர்களுக்குப் படிப்பு ஒரு பெயரளவிலேயே இருப்பதை அவர் கண்டார். அவர்கள் ஆடவேண்டும், ஜயிக்க வேண்டும். பட்டம் பெற்றாலென்ன, பெறாவிட்டாலென்ன என்ற மனப்பான்மை! இஞ்சினீயராக விரும்பிய வாலிபருக்கு அது எப்படிப் பிடிக்கும்?

இரண்டாவது வழி, சொந்த ஊரிலேயே இருந்த கறுப்பு மக்களின் டென்னஸி ராஜ்ய சர்வகலாசாலை. 1957, 1958, 1959 ஆகிய மூன்று வருஷங்கள் தொடர்ந்து, சிறிய கலாசாலைகளின் தேசிய வெற்றிக் கோப்பையைக் கைப்பற்றிய புகழ் அதற்கு உண்டு. அங்கே சென்றால் தம் ஜனங்களின் நடுவே, அவர்களுடைய அன்பிலே வாழலாம். ஒருவரும் வைய மாட்டார்கள். இதை இழிவான வழி என்று நினைப்பவர்கள் சுயமரியாதையின் பொருளை அறியாதவர்கள். தன் சமூகத்துக்குரிய கலாசாலைக்குப் பெருமை சேர்ப்பதும் ஒரு தேசத் தொண்டே.

மூன்றாவது வழி வாண்டர்பில்ட். 1964-ஆம் வருஷத்தில்தான் அது கறுப்பு மாணவர்களைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அது சேர்ந்திருந்த தென்கிழக்குச் சர்வகலாசாலைகளின் போட்டிச் சங்கத்தில், கூடைப்பந்துக் கோஷ்டி எதிலும் அதுவரை ஒரு கறுப்பர்கூட ஆடியதில்லை. அச்சங்கத்தில் வாண்டர்பில்ட்டின் எதிரிகள் அலபாமாவிலும் மிஸிஸிப்பியிலும் ஜியார்ஜியாவிலும் இருந்தார்கள். அந்த ஊர்களுக்கெல்லாம் சென்று அந்த ஜனக்கூட்டத்தின் நடுவே நின்று ஆட வேண்டும். 1962-ல் ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒரு கறுப்பு மாணவர் சேர்வதற்காகக் கலகம் மூண்டு இருவர் மாண்ட ஆக்ஸ்போர்டு நகரமும் அவற்றுள் ஒன்று.

இப்படியிருந்தும் அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது ஏன்? சரித்திரத்தில் முதல்வராக வேண்டும் என்ற ஆசையினால் அன்று. அந்தப் பாரம் தமக்கு வேண்டாமென்றே அவர் முதலில் நினைத்தார். வாண்டர்பில்ட்டில் இஞ்சினீயரிங் படிப்பு சிறந்தது. வீடு அருகில் இருந்தது. பெற்றோர் ஆட்டத்தைப் பார்க்க வரலாம். சான்ஸலர் அலெக்ஸாண்டர் ஹெர்ட் நிறத்தடையை நீக்கும் உறுதி கொண்டவராக இருந்தார். இவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு. வாண்டர்பில்ட்டின் பயிற்சி ஆசிரியராகிய ராய் ஸ்கின்னர், வாலஸின் வீட்டுக்கு வந்தபோது, அவருடைய தகப்பனாரையும் தாயாரையும் 'மிஸ்டர் வாலஸ்', 'மிஸஸ் வாலஸ்' என்று மரியாதையாக அழைத்தார்.

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். அந்தக் காலத்துத் தெற்கிலே வெள்ளையர்கள், தங்கள் தகப்பன் வயதுள்ள கறுப்பரையும் 'பையா' என்றும், வெறும் பெயர் சொல்லியும் கூப்பிடுவது சர்வசாதாரணம். ஒருமையில் அழைக்கப்படுவதன் வேதனையை நம் நாட்டில் அறியாதவர் யார்? பணம் கொடுத்து வாங்க முடியாத ஒரு நம்பிக்கையை ஸ்கின்னர் அந்த ஒரு மரியாதைச் சொல்லால் பெற்றார். 1966-ஆம் வருஷம் பெரி வாலஸ் வாண்டர்பில்ட்டில் சேர உடன்பட்டார்.

நான்கு வருஷங்கள்

பத்திரிகைகள் புகழ்ந்தன. நகரத்துப் பெரியோர்கள் நாஷ்வில்லின் நற்பெயருக்கு இது சான்று என்றார்கள். அதன் பிறகு நடந்ததுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

கலாசாலைக்கு அருகிலிருந்த மாதாகோவில் ஒன்றுக்கு வாலஸ் சென்று தொழுது வந்தார். சில வாரங்களில் அதன் மூப்பர்கள் அவரைத் தனியே அழைத்து, அவர் தொடர்ந்து வந்தால் சபையின் செல்வர்கள் சிலர் தங்கள் உயிலிலிருந்து கோவிலை நீக்கிவிடுவார்கள் என்று கூறி, இனி வரவேண்டாம் என்றார்கள். ஆண்டவன் சந்நிதியிலும் ஆஸ்திக் கணக்கா! வகுப்புகளிலும் விடுதியிலும் வெளிப்படையாக வைதவர்கள் சிலரே. அவர் ஒருவர் அங்கே இருப்பதையே காணாதவர்கள் போல நடந்துகொண்டவர்கள் மிகப் பலர். கைதட்டுவதற்கு ஆட்டக் களத்தில் ஆயிரம்பேர் இருந்தார்கள். பேசித் துணையிருக்க விடுதியில் ஆள் இல்லை.

முதல் வருஷ மாணவர்கள் பிரதான கோஷ்டியில் ஆடக்கூடாது என்பது அக்கால விதி. ஆகவே 1966-67-ல் முதல் வருஷக் கோஷ்டியில் ஆடினார். அவருடன் டெட்ராயிட் நகரத்திலிருந்து வந்த காட்பிரே டில்லார்ட் என்ற மற்றொரு கறுப்பு வாலிபரும் ஆடினார். 1967-ன் தொடக்கத்தில் மிஸிஸிப்பி ராஜ்யத்தின் ஸ்டார்க்வில்லில் நடந்த ஆட்டத்தில் கூட்டம் எழுப்பிய வசைக் கூக்குரலைக் கேட்டு, இடைவேளையில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பற்றியபடியே உட்கார்ந்திருந்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள்! அந்த ஒரு கைதான் அவர்களுக்கு அன்று துணை.

அத்துணையும் நீடிக்கவில்லை. டில்லார்டுக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. மனத்தில் பட்டதை வெளிப்படையாகப் பேசும் சுபாவம் கொண்ட அவருக்குப் பிறகு பிரதான கோஷ்டியில் இடம் கிடைக்கவில்லை. அவர் கலாசாலையை விட்டே போய்விட்டார். 1967-ஆம் வருஷம் டிசம்பரில் வாலஸ் தன்னந்தனியாகவே பிரதான கோஷ்டியில் களமிறங்கினார். அதே வருஷம் கலாசாலை ஆட்டங்களை நிர்வகிக்கும் சங்கம், பந்தை மேலிருந்து கூடைக்குள் திணிப்பதை விதிக்கு விரோதமென்று தடுத்துவிட்டது. அவருடைய பலமே அந்த ஆட்டம்தான். 1976 வரை அத்தடை நீடித்தது. அவர் வேறு முறைகளைப் புதிதாகப் பயின்றார்.

1968 பிப்ரவரியில் அந்த ஆக்ஸ்போர்டு நகரத்துக்கே அவர் போனார். இடைவேளைக்குச் சற்று முன்னே எதிரி ஒருவர் முகத்தில் தாக்கியதில் அவருடைய கண் வீங்கிவிட்டது. நடுவர்கள் ஊதவில்லை. ஜனக்கூட்டம் ஆரவாரித்தது. இடைவேளைக்குப் பின் அவருடைய சகாக்கள் அனைவரும் ஒன்றாகக் களத்துக்குச் சென்றுவிட்டார்கள். கண்ணுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்த அவருக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. வசைமொழிகளின் நடுவே அந்த வாயிலிலிருந்து களம் வரையில் அவர் தனியே நடந்து சென்றார். அடித்தவனைக்கூட மன்னிக்கலாம். உடன் வந்தவர்கள் திரும்பிப் பாராமல் போனதை மறப்பது எளிதன்று. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்கள் தோழர் எந்த நிலையில் இருக்கிறார் என்று யோசிக்கப் பழகாதவர்கள். உலகில் அநீதி நிலைத்து நிற்பதற்குத் துஷ்டர்களின் கொடுமையைவிட நல்லவர்களின் கவனக்குறைவே பெரிய ஆதாரமாக இருக்கிறது என்று நாம் அஞ்சுகிறோம்.

வாலஸ் திருப்பி அடிக்கவில்லை, திருப்பி வையவுமில்லை. லாஸன் கற்பித்த வகுப்பில் அவர் அமர்ந்தவரல்லர். எனினும் அந்தப் பாடத்தை அவர் முழுவதும் நடத்திக் காட்டினார். கடைசி வருஷத்தில் கோஷ்டியின் தலைவராக விளங்கினார். 1970 மார்ச்சில் தமது கடைசி ஆட்டத்தில் 28 புள்ளிகள் எடுத்தார். கூடையில் விழாமல் திரும்பிய பந்துகளை 27 முறை கைப்பற்றினார். அவ்வருஷமே இஞ்சினீயரிங் பட்டம் பெற்றார். அதற்காகத்தானே அவர் அங்கே வந்தார்!

உண்மை பேசிய நாள்

அவ்வருஷம் அவர் ஒரு காரியம் செய்தார். நகரத்தின் முக்கியப் பத்திரிகை ஒன்றின் நிருபரிடம், நான்கு வருஷங்கள் தாம் அனுபவித்த தனிமையை மறைக்காமல் எடுத்துரைத்தார். 'எல்லாம் சுமுகமாக முடிந்தது, எங்கள் ஊர் எவ்வளவு நல்ல ஊர் பாருங்கள்' என்று பூரித்திருந்தவர்களுக்கு அது கசந்தது. நன்றி கெட்டவர் என்றார்கள். அவர் ஊரைவிட்டு வெளியேறினார். கொலம்பியா சர்வகலாசாலையில் சட்டம் படித்து 1975-ல் பட்டம் பெற்று, மத்திய சர்க்காரின் நீதி இலாகாவில் பணியாற்றினார். பின்னர் வாஷிங்டனில் சட்டப் பேராசிரியராக நெடுங்காலம் விளங்கினார். 2004-ஆம் வருஷத்தில் வாண்டர்பில்ட் அவருடைய 25-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் அளிப்பதில்லை என்று முடிவு செய்து கௌரவித்தது. 2006-ல் லாஸனையும் தன் பேராசிரியராக அழைத்து மரியாதை செய்தது. 2017 டிசம்பர் 1-ந் தேதி வாலஸ் காலமானார். 2020-ல் கலாசாலையை ஒட்டிய வீதிக்கு அவர் பெயர் இடப்பட்டது.

வீதிக்குப் பெயர் வைத்தது நல்லதுதான். ஆனால் 1966-ல் அவருக்கு வேண்டியிருந்தது வீதியன்று. பக்கத்தில் நடந்து வர ஒருவர்.

நமக்கு என்ன பாடம்?

வாலஸ் டென்னஸி ராஜ்ய சர்வகலாசாலைக்கே போயிருக்கலாம், இத்தனை துன்பமும் ஏன் என்று கூறுவோர் உண்டு. வேறு சிலர், அவர் பட்ட துன்பத்தால்தானே பின்வந்தவர்களுக்கு வழி பிறந்தது, ஆகவே அது அவசியமே என்று சொல்லுவார்கள். இரண்டும் நமக்குச் சம்மதமில்லை. எந்தக் கலாசாலைக்குப் போவது என்பது அவருடைய உரிமை. ஒருவர் தாமே முன்வந்து செய்யும் தியாகத்தை வணங்கலாம். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவரைத் தியாகம் செய்யும்படி மேடையிலிருந்து ஏவும் உரிமை யாருக்கும் கிடையாது. அப்படி ஏவிவிட்டு, மாலை போட்டுவிட்டு, மறுநாள் வேறு வேலைக்குப் போய்விடுவது அதனினும் பெரிய குற்றம்.

பெரி வாலஸ் சேர்ந்த அன்றே வாண்டர்பில்ட் தன் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணியது. உண்மையில் அன்றுதான் கடமை ஆரம்பமாயிற்று. ஒருவரை அழைத்த இடத்தில் ஐவரை அழைத்திருக்கலாம். எதிரி ஊர்களில் வசைபாடும் கூட்டத்தைக் கண்டித்து, அதை அடக்காவிட்டால் ஆடமாட்டோம் என்று அறிவித்திருக்கலாம். டில்லார்டு மனம் வெதும்பி வெளியேறுமுன் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். சகாக்களுக்கு, உங்கள் தோழரை விட்டு ஓரடியும் நகராதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

நம் நாட்டிலும் விளையாட்டுத் திறமையைக் கண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கலாசாலைகள் இருக்கின்றன. தம் குலத்தில் முதல்வராகப் பள்ளிக்கோ கலாசாலைக்கோ உத்தியோகத்துக்கோ செல்லும் வாலிபர்களும் யுவதிகளும் வருஷந்தோறும் புறப்படுகிறார்கள். சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று நாம் கணக்கெடுக்கிறோம், பெருமையோடு அச்சிடுகிறோம். சேர்ந்த பின் அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தவர் யார், அவர்கள் பெற்றோரை மரியாதையாக அழைத்தவர் யார், மனம் உடைந்து பாதியில் திரும்பியவர் எத்தனை பேர் என்று யாரேனும் விசாரிக்கிறோமா? பொதுத் தொண்டில் இறங்கிய நம் தோழர்கள், தங்கள் ஊர்க் கலாசாலையிலும் விடுதியிலும் அவ்வாறு முதலில் நுழைந்தவர் யாரென்று இந்த வாரமே சென்று விசாரிக்க வேண்டும். விசாரித்ததோடு நில்லாமல், அவர் படிப்பை முடித்து வெளிவரும் வரையில் கூட இருக்க வேண்டும்.